பொணத்தண்ணன் மூச்சு விடுகிறார்

பதினோராவது நிமிஷத்தில் என்னைக் குத்திக் கொல்வார்கள். அதற்கப்புறம் இடைவேளை வரை, ஒரு மணி நேரத்துக்கு மேல், மேடை நடுவில் கம்பளத்தின் மேல் கிடப்பேன். பத்தொன்பது வருஷமாக, ஊர் ஊராக, ஒரே நாடகத்தில் இதுதான் என் உத்தியோகம். 'கிடப்பதெல்லாம் ஒரு நடிப்பா?' என்று கேட்கிறவர், மூக்கின் மேல் ஈ உட்கார்ந்திருக்க, கண்ணை மூடாமல் நாலு நிமிஷம் கிடந்து காட்டட்டும். அப்புறம் பேசுவோம்.

குழுவில் எல்லோருக்கும் நான் பொணத்தண்ணன். "பொணத்தண்ணே, பஸ் கிளம்புது, ஏறுங்க!" என்று நடுத்தெருவில் கத்துவார்கள். தெருவில் போகிறவர்கள் இரண்டடி தள்ளிப் போவார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

யாருக்கும் தெரியாத இன்னொரு வேலையும் எனக்கு உண்டு. எங்கள் கதாநாயகன் இன்ஸ்பெக்டராக நடிப்பவர். வெண்கலக் குரல், ஒட்டு மீசை, ஞாபகம் மட்டும் ஓட்டைப் பானை. விசாரணைக் காட்சியில் பெரிய வசனம் வருகிற இடத்தில் அடிக்கடி மறந்துவிடுவார். அதற்கு நாங்கள் இருவரும் ரகசியமாக ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். மறந்தால் மண்டியிட்டு என் நாடியைப் பிடிப்பார். காதை என் வாய்ப் பக்கம் கொண்டுவருவார். நான் உதடு அசையாமல் வரியை எடுத்துக் கொடுப்பேன். 'செத்தவனிடமும் எத்தனை பரிவு!' என்று அவரைப் பத்திரிகையில் பாராட்டி எழுதினார்கள்.

போன ஊரில் முன்வரிசைக் குழந்தை ஒன்று, "அம்மா, செத்துப்போன மாமா வயிறு ஆடுது!" என்று கூவிவிட்டது. அரங்கமே சிரித்தது. ஐம்பத்தாறு வயசு வயிறு, ஆடத்தான் செய்யும். டைரக்டர் மட்டும் சிரிக்கவில்லை. இந்த ஊருக்கு வந்து மேக்கப் அறையில் நுழைந்தால், என் நாற்காலியில் ஒரு ரப்பர் பொம்மை உட்கார்ந்திருக்கிறது. என் சட்டையைப் போட்டுக்கொண்டு!

"தப்பா நினைக்காதீங்கண்ணே," என்றார் டைரக்டர். "நீங்க குத்து வாங்கி விழுங்க. லைட் அணைஞ்சதும் பொம்மையைப் போட்டுடுவோம். இந்த ஊர் முடிஞ்சதும் குத்து வாங்கவும் சின்ன வயசு ஆளா ஒருத்தரைப் பாத்துக்கறேன். நீங்க வீட்டுல ரெஸ்ட் எடுங்க."

"பத்தொம்பது வருஷத்துல ஒரே ஒரு தடவை வயிறு ஆடுச்சு. அதுக்கு இவ்வளவு பெரிய தண்டனையா?"

"பொம்மை மூச்சு விடாதுண்ணே."

இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். எனக்காக ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் கண்ணாடியைப் பார்த்து மீசையை ஒட்டிக்கொண்டே, "பொம்மை நல்லாத்தான் இருக்கு," என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஏற்பாட்டை அங்கேயே போட்டு உடைத்திருக்கலாம். ஆளைக் காட்டிக்கொடுத்துப் பிழைக்கிற பிழைப்பு எனக்கு வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டேன். என் மனைவி தையல்காரி. இதுவரை நான் குத்து வாங்கிய நாற்பத்தொரு சட்டையும் அவள் தைத்ததுதான்.

"நான் தச்ச சட்டையைப் பொம்மைக்கா போட்டாங்க?" என்றாள்.

"ஆமா."

"நீங்க அதைப் பாத்துட்டுச் சும்மா வந்தீங்களாக்கும்?"

"என்ன பண்ணச் சொல்ற?"

"இத்தனை வருஷம் விழுந்தே கிடந்தாச்சு. ஒரு தடவை எழுந்து நின்னா ஒண்ணும் குடி முழுகிப் போயிடாது!" என்று போனை வைத்துவிட்டாள்.

மாலை ஐந்து மணிக் காட்சி. குத்து வாங்கி விழுந்தேன். லைட் அணைந்ததும் இரண்டு பேர் என்னை இழுத்து ஓரமாய் விட்டுவிட்டு, பொம்மையைக் கிடத்தினார்கள். நான் ரத்தச் சட்டையோடு பக்கத் திரைக்குப் பின்னால் நின்றேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார், முழங்கினார், பெரிய வசனத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். பழக்க தோஷம்; மண்டியிட்டுப் பொம்மையின் நாடியைப் பிடித்தார். காதை அதன் வாய்க்குக் கொண்டுபோனார். இன்னொரு கையைப் பிடித்துப் பார்த்தார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"டாக்டரைக் கூப்பிடுய்யா!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அரங்கம் சிரித்தது.

நன்றாக வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன், பொய் சொல்வானேன். ஆனால் சிரிப்பு நிற்கவில்லை. அவர்கள் சிரித்தது அவரைப் பார்த்து மட்டுமில்லை, நாடகத்தைப் பார்த்து. அது என் நாடகம்.

திரையை விலக்கிக்கொண்டு நடந்தேன். டைரக்டர் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். ஒரு தையல்கூடப் பிரியவில்லை, அவள் தைத்ததாயிற்றே! கையை உதறிவிட்டுப் போனேன். கொலையானவன் நடந்து வருவதைப் பார்த்து அரங்கத்தில் சிரிப்பு நின்றது. பொம்மையைக் காலைப் பிடித்துத் தூக்கி சோபாவுக்குப் பின்னால் எறிந்தேன். என் இடத்தில் மல்லாந்து படுத்தேன். இன்ஸ்பெக்டர் என் நாடியைப் பிடித்து, காதைக் கொண்டுவந்தார்.

அன்றைக்கு நான் கிசுகிசுக்கவில்லை. கடைசி வரிசை வரை கேட்கும்படி வசனத்தைச் சொன்னேன்.

"இந்த மனுஷன் இத்தனை வருஷமா இந்த வீட்டுக்கு என்ன செஞ்சான்னு உங்கள்ல ஒருத்தருக்காவது தெரியுமா?"

இன்ஸ்பெக்டர் கண் கலங்கிவிட்டார். எழுந்து நின்று அதே வரியை அரங்கம் அதிரத் திருப்பிச் சொன்னார். அப்புறம் டைரக்டர் நிற்கிற பக்கம் திரும்பி விரலை நீட்டினார்.

"இவரை இந்த இடத்தை விட்டு யாரும் நகர்த்தக் கூடாது. இது என் உத்தரவு!"

அந்த வரி நாடகத்தில் கிடையாது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

இடைவேளைக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் எட்டி எட்டி என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று மூச்சை ஆழமாக இழுத்து விட்டேன்.