இன்ஜினை அணைக்காதே

டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பானெட் மேல் யாராவது கை வைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உள்ளே இன்ஜின் கொதிக்கிறது, மேலே சாக்கு கிடக்கிறது, அதை ஒட்டி உட்கார்ந்துகொண்டு கியரைக்கூடப் போடவிடாமல் ஊர்க்கதை பேசுவார்கள். கோடையில் ஒருத்தனும் அந்தப் பக்கம் வரமாட்டான். கார்த்திகை மழை பிடித்ததோ இல்லையோ, அந்த இடத்துக்கு அடிதடி. எழுபத்தெட்டில் நான் உத்திரமேரூரிலிருந்து டவுனுக்குத் தனியார் பஸ் ஓட்டினேன். அந்த இடம் வேதாசலம் என்கிற நிலபுலன்காரருக்கு என்று ஆகிப்போயிருந்தது. ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்துவிட்டு டீ குடிக்கப் போவார்.

அன்று காலை நல்ல மழை. பிரசவ ஆஸ்பத்திரி நர்சம்மா ஆண்டாளம்மாள் சேறு தெறிக்க ஓடிவந்தார். பின்னால் ஒரு பெண், மார்த்தாள். நிற்கவே முடியாமல் புருஷன் சாமுவேலின் தோளைப் பிடித்திருந்தாள். அறுப்புக் கூலிக்குப் போகிறவர்கள். அவள் புடவைக்குள் நெஞ்சோடு ஏதோ கட்டியிருந்தது.

"தாண்டவராயா, ஏயாம் மாசத்துலயே பொறந்துட்ட கொயந்த. ஒடம்பு சில்லிட்டுக்கினே போவுது. டவுன் ஆஸ்பத்திரில கண்ணாடிப் பெட்டி கீது, அதுல வெச்சா பொயச்சிக்கும். ஜீப்பு குடும்பக் கட்டுப்பாடு கேம்புக்குப் போயிடுச்சி. உன் பானெட்டுகிட்ட குந்த வெச்சி இட்டுக்கினு போ."

"இது பஸ்ஸா, ஆம்புலன்ஸாம்மா?" என்று எரிந்து விழுந்தேன். விழுந்துகொண்டே வேதாசலத்தின் துண்டை எடுத்துப் பின் சீட்டில் போட்டேன்.

நர்சம்மா மார்த்தாளிடம், "கொயந்தய பானெட்டு மேல வெச்சிடாத, வெந்துடும். நெஞ்சோடயே வெச்சிக்கோ, அனலு உன்மேல பட்டா போதும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எங்கயும் இன்ஜின அணைக்காத" என்றார். வண்டி நின்றால் அணைக்கவேண்டும் என்பது முதலாளி உத்தரவு. டீசல் அவருக்கு ரத்தம். போகட்டும், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று தலையாட்டினேன்.

வேதாசலம் ஏறினார். "இன்னாய்யா இது, என் எடத்துல யாரு?"

"பட்டா போட்டுக் கீதா நைனா? பின்னால குந்துங்க."

அவர் முனகிக்கொண்டே போனார். குழந்தை பூனைக்குட்டி மாதிரி லேசாக முனகிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்கிறவரைக்கும் எனக்கு மூச்சு வந்தது. எந்த ஸ்டாப்பிலும் அணைக்கவில்லை.

பாதி வழியில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்த தண்ணீர் தரைப்பாலத்தின்மேல் ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில் ஒரு லாரி நின்றிருந்தது.

"அணைச்சிட்டு நில்லுய்யா, தண்ணி வடியட்டும்!" என்று பின்னாலிருந்து வேதாசலம் கத்தினார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. உள்ளே இறக்கினால் இன்ஜினில் தண்ணீர் ஏறி நின்றுவிடலாம். நின்றால் பானெட் ஆறிவிடும். நிற்கலாம் என்றுதான் நினைத்தேன். அப்போது மார்த்தாள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணே, சத்தத்தக் காணோம்ணே."

"எறங்கித் தண்ணியப் பாருடா!" என்று கத்தினேன். கண்டக்டர் சுப்பிரமணி இறங்கி, ஒரு கழியால் ஆழம் பார்த்துக்கொண்டே முன்னால் நடந்தான். ஃபர்ஸ்ட் கியரில் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தேன், காலை எடுக்கவே இல்லை. படிக்கட்டில் தண்ணீர் ஏறியது, வண்டிக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டார்கள். நடுவில் இன்ஜின் இருமியது. "ஏய், நின்னுத் தொலைக்காதடி!" என்று அதையும் திட்டினேன். ஒருவழியாகக் கரை ஏறினோம். மார்த்தாள் குழந்தையின் பாதத்தை விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சநேரம் கழித்து அது முனகியது. வேதாசலம்தான் முதலில், "அப்பாடா!" என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே ஆஸ்பத்திரி. அவர்களை அனுப்பிவிட்டு நான் இன்ஜினை அணைத்து டீயைக் கையில் வாங்கினேன், இரண்டு பேரும் மழையில் திரும்பி வந்தார்கள்.

"எடம் இல்லியாம்ணே" என்றான் சாமுவேல். "பெட்டி ஒண்ணுக்கு ரெண்டு கொயந்த படுத்துக்கினு கீது. ஒண்ணு காலியானா கூப்புடறாங்களாம். அதுவரிக்கும் வராந்தாவுல துணி சுத்தி வெச்சிக்கன்றாங்க. அங்க சாரலு அடிக்குது."

மார்த்தாள் ஏறிப்போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். டீயைக் கொட்டிவிட்டு இன்ஜினைப் போட்டேன். மத்தியானம்தான் அடுத்த டிரிப். டைம்கீப்பர் வந்து, "எவன் அப்பன் வூட்டு டீசலு?" என்றான். "என் அப்பன் வூட்டுது, போய்யா" என்றேன்.

உச்சிப்பொழுதுக்கு ஆஸ்பத்திரி ஆயா குடையோடு ஓடிவந்தாள்.

"எடம் காலி ஆயிடுச்சி, ஓடியா!"

"போ தாயி, போ!" என்று சந்தோஷத்தில் நான் கத்தியது ஸ்டாண்டு முழுக்கக் கேட்டிருக்கும்.

மார்த்தாள் படியில் நின்றாள். "யாரு கொயந்தக்கா போச்சி?"

"சாலவாக்கத்துப் பொண்ணோடது. நீ வா." மார்த்தாள் அழுதுகொண்டே ஓடினாள். நான் கத்தின கத்தலை நினைத்து எனக்கு உடம்பு கூசியது.

வண்டி கிளம்பும் நேரத்தில், "சாலவாக்கம் நிக்குமா?" என்று ஒருவன் கேட்டான். கூட ஒரு சின்னப் பெண், முழுக்க நனைந்து, கையில் வெள்ளைத் துணி மூட்டையோடு. சுப்பிரமணி என்னைப் பார்த்தான். அவர்கள் கடைசி சீட்டுக்குப் போனார்கள். அங்கே ஒழுகும்.

"இப்பிடி முன்னால வா தாயி. இங்க சூடா கீது."

அவள் வந்து உட்கார்ந்தாள். மூட்டையில் நனைந்திருந்த ஓரத்தைப் பிழிந்தாள். பிறகு அதை மெதுவாகத் திருப்பி, பானெட் பக்கமாக அணைத்து வைத்துக்கொண்டாள்.