காகிதத் தட்டு காலியான விதம்

1

இந்தக் கதை பசியில் பிறந்தது. என் கணவர் சுந்தரராமனின் பசி. அன்றைக்கு எனக்கும் பசிதான், ஆனால் பெண்டாட்டியின் பசியை யார் கதை என்று எழுதுகிறார்கள்?

ஆரம்பத்தை மட்டும் பல தடவை எழுதிப் பார்த்தேன்.

"எண்பத்து நாலாம் வருஷம், ஃப்ரீமான்ட்டிலிருந்து மலை தாண்டிக் காரில் போனால் ஒரு சின்ன ஏரி..." (ரோடு மேப் மாதிரி இருக்கிறது. வேண்டாம்.)

"ஏரி அன்று அமைதியாக..." (ஏரி வேறு என்ன செய்யும்?)

"என் மாமனார் காக்காயாக வருவாரா, மாட்டாரா என்று..." (இது தேவலை. ஆனால் அவர் காலமான விஷயத்தை முதலில் சொல்லியாக வேண்டும்.)

2

மாமனார் கும்பகோணத்தில் போனபோது, இங்கே அமெரிக்காவில் எங்கள் கிரீன் கார்டு வேலை பாதியில் இருந்தது. இப்போது ஊருக்குப் போனால் எல்லாம் முதலிலிருந்து என்றார் வக்கீல். இவர் மூத்த பிள்ளை. கொள்ளி வைத்தது தம்பி. தந்தி வந்த அன்று இவர் அழவில்லை. குளித்துவிட்டு ஆபீஸ் போனார். அன்றிலிருந்து வீட்டில் பேச்சே குறைந்துபோயிற்று.

அமாவாசைக்கு அமாவாசை அபார்ட்மென்ட் பால்கனியில் சாதம் வைப்பார். காக்காய் தொட்டால் அப்பா வந்து சாப்பிட்டார் என்று அர்த்தம், அதற்கப்புறம்தான் எங்களுக்குச் சாப்பாடு. காக்காய் வரவே இல்லை. புறாக்கள் வந்தன. பால்கனியை நாறடித்தன. மேனேஜர் அம்மாள் மாடியேறி வந்து கத்திவிட்டுப் போனாள்.

"அப்பாவுக்கு என்மேல கோபம், ஜலஜா. அதான் வரமாட்டேங்கறார்."

"அவருக்கு ஃப்ரீமான்ட் அட்ரஸ் தெரிஞ்சிருக்காது" என்று நான் சொன்னேன். இவர் சிரிக்கவில்லை.

வருஷத் திதி நெருங்கிய சமயம், ஆபீஸில் ஒருவர் கேம்பிங் போய்விட்டு வந்து புலம்பியிருக்கிறார்: அந்த ஸ்டேட் பார்க்கில் காக்காய்த் தொல்லை தாங்கவில்லை, ரொட்டி பாக்கெட்டையே தூக்கிக்கொண்டு போகிறது என்று. இவர் வீட்டுக்கு வரும்போதே முகம் மாறியிருந்தது. கேம்பிங் என்றாலே, "காசு குடுத்துத் தரையில படுக்கறதுக்குப் பேரு வெகேஷனா? கல்யாணச் சத்திரத்துல ஓசியிலயே படுத்திருக்கேனே" என்று கேலி செய்த மனுஷன், அன்றே ஃபோன் பண்ணி ஏரிக்கரையில் இடம் பிடித்துவிட்டார்.

(இங்கே வாசகர் சிரிக்கலாம். நானும் சிரித்தேன், அவர் முதுகுக்குப் பின்னால்.)

3

எல்லோரும் காரிலிருந்து தூண்டிலும் தோணியும் இறக்கினார்கள். நாங்கள் பிரஷர் குக்கரை இறக்கினோம். மறுநாள் காலை அது விசில் அடித்ததும், பக்கத்துக் கூடாரத்துக்காரர் பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு ஓடி வந்து, ஏதாவது விபத்தா என்று கேட்டார்.

சாதம், பருப்பு, எள்ளுருண்டை, வாழைக்காய்க் கறி, வீட்டிலிருந்து அரைத்துக் கொண்டுபோன மாவில் வடை.

[இவர் இதைப் படித்துவிட்டு: "வாழைக்காய் இல்லை, சேப்பங்கிழங்கு." நான்: "எழுதறது யாரு?"]

வாழை இலைக்கு எங்கே போவது? காகிதத் தட்டில் வைத்து, பிக்னிக் மேஜையின் ஓரத்தில் வைத்தார். நான்கு முழ வேட்டியும் பூணூலுமாக நின்று, "கா... கா..." என்று கூப்பிட்டார். சுற்றிலும் காய்ந்த மஞ்சள் குன்றுகள், நடுவில் ஏரி, அதில் இரண்டு தோணி. தோணியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

காக்காய்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அத்தனையும் பக்கத்துக் கூடாரத்து உருளைக்கிழங்கு சிப்ஸிடம் இருந்தன. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. ஒரு வருஷமாகத் துக்கத்தைத் தொண்டையில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் கூப்பிடுகிறான், இதுகளுக்குச் சிப்ஸ் கேட்கிறது.

வெயில் ஏறியது. இவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "பாத்தியா? வரமாட்டார்" என்றார்.

4

இந்த இடத்தில் ரேஞ்சர் பெண் வருகிறாள். அவளை எழுதத் தயக்கமாக இருக்கிறது, நம்பும்படியாக இல்லாத அளவுக்கு நல்லவள். கொஞ்சம் கெட்டவளாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை.

பறவைகளுக்குத் தீனி போடக்கூடாது என்று போர்டு இருக்கிறதே, பார்க்கவில்லையா என்று கேட்டாள்.

"இட்ஸ் நாட் ஃபார் த பேர்ட்ஸ். இட் இஸ் ஃபார் மை ஃபாதர்" என்றார் இவர்.

அவள் கூடாரத்தை எட்டிப் பார்த்தாள். "இஸ் ஹி கேம்ப்பிங் வித் யூ, சார்?"

நான்தான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். கிரீன் கார்டு, தந்தி, புறா, எல்லாம். அவள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். படகுத்துறை வரைக்கும் போய்விட்டு வருகிறேன், திரும்பி வரும்போது இந்தத் தட்டு காலியாக இருந்தால் போதும் என்றாள்.

அவள் போனதும் இவர் ஏரியில் கணுக்கால் வரை இறங்கி, தெற்கே பார்த்துக் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். மேஜை அவர் முதுகுப் பக்கம். மேஜைக்கருகில் நான் மட்டும் நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே கேட்டார்: "வந்துதா?"

"வந்துது. சாப்ட்டுது."

"முழுசாவா?"

"முழுசா. நீங்க வாங்கோ, சாப்பிடலாம்."

கரையேறி வந்து காலித் தட்டைப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். தந்தி வந்த நாளிலிருந்து வராத அழுகை அத்தனையும் வந்தது. அப்புறம் இரண்டாம் தடவை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ரேஞ்சர் பெண்ணுக்கும் ஒரு வடை கொடுத்தோம்.

5

தட்டு எப்படிக் காலியானது? முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

காக்காய் வந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்து, வடையை முதலில் எடுத்தது. மாமனாரும் அப்படித்தான். (ரொம்ப அழகாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகப்படுவீர்கள்.)

நீலமாக ஒரு பறவை வந்தது. ஜே என்கிறார்கள், காக்காய்க்குச் சொந்தமாம். (பங்காளி சாப்பிட்டால் கணக்கில் சேருமா? லிவர்மோரில் கோவில் கட்டி முடிந்து, திதி செய்துவைக்கிற வாத்தியார் வந்தபிறகு கேட்க வேண்டும் என்றிருந்தேன், கேட்கவில்லை.)

அணில். பூனை அளவுக்கு இருக்கும் இந்த ஊர் அணில். (சே!)

ஒன்றும் வரவில்லை. மேஜைக்கருகில் பெண்டாட்டி இருந்தாள், குப்பைத் தொட்டியும் இருந்தது. அவள்... (இந்த வாக்கியம் எப்படி முடியும் என்று என்னைக் கேட்காதீர்கள்.)

6

நான் எழுதுகிற எதையும் முதலில் படிப்பவர் இவர்தான். சிக்கலே அங்கேதான். இப்போதும் பின்னால் நின்று தோளுக்கு மேலே படித்துக்கொண்டிருக்கிறார், கையில் காபி.

"எதுக்கு இத்தனை முடிவு? காக்காயையே வெச்சுடேன்."

நான் பேனாவை மூடினேன்.

"அதானே நடந்தது, ஜலஜா?"

நாலு வருஷத்தில் இதை அவர் கேட்பது இது இரண்டாம் தடவை. முதல் தடவை முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டார். இந்தத் தடவை நாற்காலியைச் சுற்றி வந்து, என் முகத்துக்கு நேரே நிற்கிறார். காபி ஆறுகிறது.

தட்டு காலியாக இருந்தது. அவர் பசியாறினார். இரண்டும் சத்தியம். மிச்சத்தை, அங்கே இல்லாத நீங்கள்தான் தைரியமாகச் சொல்ல முடியும். சீக்கிரம் சொல்லுங்கள், மனுஷன் காத்துக்கொண்டு நிற்கிறார்.