ஆழ்ந்த ஈடுபாடு

துவாய்னேயைப் பற்றி ஏழு மாதத்தில் பதினோரு கதைகள் எழுதினேன். பதினொன்றும் நன்றாகவே வந்திருந்தன. இப்போது எடுத்துப் படித்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கதை என்றால் ராஜா ராணிக் கதை இல்லை. டோக்கொரோவா என்கிற மர ஆலை ஊரில் எங்கள் பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்கு மார்க் கிடையாது, வீட்டுப்பாடம் கிடையாது. பிள்ளை எதன் பின்னால் போகிறதோ அதன் பின்னால் நாங்கள் போவோம். போகிற போக்கில் டேப்லெட்டில் படம் பிடித்து, இன்று அது என்ன கற்றுக்கொண்டது என்று ஒரு பக்கம் எழுதி, செயலியில் ஏற்றிவிடுவோம். அதற்குக் கற்றல் கதை என்று பெயர். அம்மாக்காரி வேலையிடத்தில் டீ குடித்துக்கொண்டே படித்துவிடுவாள். முப்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். பிள்ளைகளைப் படிப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு.

துவாய்னேக்கு நாலு வயது. அடர்ந்த சுருட்டை முடி, வெயிலடித்தாலும் கழற்றாத மஞ்சள் ரப்பர் பூட்ஸ், குறைந்த பேச்சு. அவள் அம்மா நூரோவா மர ஆலையில் ஷிப்டு வேலை பார்ப்பவள். ரரோட்டோங்கா தீவிலிருந்து ஆலை வேலைக்கென்று வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். நூரோவாவும் இதே மணல்குழியில் விளையாடியவள்தான், நான் மூக்குத் துடைத்துவிட்ட பிள்ளை. அதனால் மற்ற அம்மாக்கள் என்னை லோர்னா என்று பெயர் சொல்லிக் கூப்பிட, இவள் மட்டும் ஆன்ட்டி என்பாள். நான் ஒன்று சொல்லிவிட்டால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது.

பிப்ரவரியில் ஒரு நாள் டேப்லெட்டில் பாட்டுப் போட்டேன். எல்லாப் பிள்ளைகளும் குதித்து ஆடின. துவாய்னே மட்டும் நேராக ஸ்பீக்கரிடம் போய், கன்னத்தை அதன்மேல் ஒட்ட வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குப் புல்லரித்தது. படம் எடுத்தேன். 'அதிர்வை ஆராயும் துவாய்னே' என்று முதல் கதை எழுதினேன்.

அடுத்த வாரம் மேசையில் கன்னத்தை வைத்துக்கொண்டு மறு கையால் தட்டிப் பார்த்தாள். அதற்கு ஒரு கதை. பிள்ளையின் ஆர்வத்தை வளர்க்க வேண்டும் இல்லையா? என் கணவரின் பழைய பெரிய ஸ்பீக்கர் பெட்டியை வீட்டிலிருந்து காரில் தூக்கி வந்தேன். சத்தத்தை வண்ண அலையாகக் காட்டும் ஒரு ஆப்பைத் தேடிப் பிடித்து டேப்லெட்டில் போட்டு இரண்டையும் இணைத்தேன். துவாய்னே அந்தப் பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்தாள். காலை முழுக்க இறங்கவில்லை. எங்கள் தலைமை ஆசிரியை ரேவின் பார்த்துவிட்டு, "இவ பெட்டியோட கிளம்பிப் பறந்துடப் போறா, பெல்ட்டைப் போட்டு விடு" என்று சிரித்தாள். அதற்கும் ஒரு கதை எழுதினேன், நீளமாக.

ஆறாவது கதைதான் என் பெருமை. பழ நேரம் என்று கூப்பிட்டால் மற்றவை ஓடி வரும். துவாய்னே வரமாட்டாள். மணல்குழியில் முதுகைக் காட்டிக்கொண்டு தோண்டிக்கொண்டே இருப்பாள். மூன்று தடவை கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். எங்கள் தொழிலில் இப்படி ஒரு பிள்ளை கிடைப்பது லாட்டரி அடித்த மாதிரி. கூப்பிடுவது காதில் விழாத அளவுக்கு ஒரு பிள்ளை தன் வேலையில் மூழ்கியிருந்தால் அதை ஆழ்ந்த ஈடுபாடு என்போம். ஒன்றிலிருந்து ஐந்து வரை அதற்கு அளவுகூட இருக்கிறது. நான் ஐந்து போட்டேன்.

மார்ச்சில் நூரோவா கேட்டாள். ஷிப்டு முடிந்து, பளபளக்கும் ஆரஞ்சு மேலாடையைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள். பிள்ளைகள் ஃபீஜோவாப் பழத்தைக் கரண்டியால் தோண்டித் தின்றுகொண்டிருந்தார்கள்.

"ஆன்ட்டி, ஒண்ணு கேக்கவா? வீட்ல டிவியை ரொம்ப சத்தமா வைக்கிறா. பக்கத்து வீட்டுக்காரன் சுவத்தத் தட்டுறான். கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டேங்குறா. காதுல ஏதாச்சும் இருக்குமோ?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. பாவம், ஆலையில் மரம் அறுக்கிறவளுக்கு இதெல்லாம் எப்படிப் புரியும், நாம்தான் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற பெரிய மனசுச் சிரிப்பு.

"காதுக்கெல்லாம் ஒண்ணும் இல்ல. நீ என் கதையைப் படிக்கலியா? அவ ஒரு வேலையில எறங்கிட்டான்னா வெளியில வரமாட்டா. அவளா வரணும்னு தோணுனா வருவா. விடு, அவ போக்குலயே போகட்டும்."

"அப்ப கேக்குதுங்குறீங்க?"

"நல்லாக் கேக்குதும்மா."

அவள் முகம் தெளிந்தது. ஆறாவது கதையை ரரோட்டோங்காவில் உள்ள சித்திகளுக்கெல்லாம் அனுப்பியதாகவும், எல்லாரும் இதயம் போட்டதாகவும் சொல்லிவிட்டுப் போனாள்.

மே மாதம் காது வேன் வந்தது. பாலர் பள்ளி பாலர் பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளின் காதைப் பார்க்கிற நர்ஸின் வண்டி அது. ஒரு நாள்தான் நிற்கும், எல்லாரையும் பார்க்க நேரம் போதாது. அதனால் யாரை முதலில் பார்க்க வேண்டும் என்று நாங்கள் பட்டியல் கொடுக்க வேண்டும். துவாய்னே பெயருக்கு நேரே 'கவலை இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். பேனா சரியாக எழுதவில்லை என்று இன்னொரு பேனா எடுத்துப் போட்டேன். வேன் அவளைப் பார்க்காமலே போயிற்று.

செப்டம்பரில் திரும்ப வந்தபோது நர்ஸ் வேறு பிள்ளையைத் தேடி மணல்குழிக்கு வந்தாள். பிள்ளைகளின் முதுகுப் பக்கம் நின்று, "யாருக்கெல்லாம் ஸ்டிக்கர் வேணும்?" என்றாள். ஆறு தலைகள் திரும்பின. ஏழாவது தலை திரும்பவில்லை.

"அவ அப்படித்தான்" என்றேன் பெருமையாக. "ஒண்ணுல எறங்கிட்டா உலகமே மறந்துடும்."

நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஸ்டிக்கர்கூடவா?"

பத்தே நிமிடத்தில் சோதனை முடிந்தது. இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் கோந்து போலச் சளி கட்டியிருந்தது. "தண்ணிக்குள்ள முங்கிக்கிட்டு நாம பேசுறதக் கேக்குற மாதிரிதான் அவளுக்கு" என்றாள் நர்ஸ். "எதுமேலயாவது கன்னத்தை வச்சுக் கேட்டிருப்பாளே? எலும்பு வழியா கொஞ்சம் கேக்கும். இதுங்களே கண்டுபிடிச்சிடும். எத்தனை மாசமா இப்படி இருக்கா, ஏதாச்சும் தெரியுமா?"

தெரியும். தேதியோடு தெரியும், படத்தோடு தெரியும். டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தேன்.

அன்று மதியம் பிள்ளைகள் தூங்கும்போது ரேவினிடம் சொன்னேன். "நீ பொய் எழுதலியே லோர்னா. பாத்ததத்தான எழுதுன?" என்றாள்.

"பாத்தேன். கண்ணே தெரியாத ஒருத்தி அவகூட இருந்திருந்தாகூட இந்நேரம் கண்டுபிடிச்சிருப்பா."

"எல்லாரும்தான் படிச்சோம். நானும்தான் பாராட்டுனேன்" என்றாள் ரேவின். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். என் பாரம் ஒரு குண்டுமணி அளவுகூடக் குறையவில்லை.

அவள் போனதும் ஆறாவது கதையைத் திறந்து, 'திருத்து' என்பதைத் தொட்டேன். ஈடுபாடு என்ற வரியை எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். பெற்றோருக்கும் மாற்றம் தெரிவிக்கப்படும் என்று திரையில் வந்தது. கையை இழுத்துக்கொண்டேன். மனசாட்சி ஒன்றும் தடுக்கவில்லை, மாட்டிக்கொள்வோமே என்ற பயம்தான் தடுத்தது. இதையும் சொல்லிவிட வேண்டும்.

நவம்பரில் அறுவை சிகிச்சை நடந்தது. சளியை எடுத்துவிட்டு, செவிப்பறையில் அரிசி அளவு குழாய் வைத்தார்கள். ஒரு வாரம் கழித்து துவாய்னே திரும்பி வந்தாள். கை கழுவும் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்குத் திடுக்கிட்டாள். சிப்ஸ் பொட்டலத்தைக் கசக்கிக் கசக்கிக் காதருகில் வைத்தாள். ஒரு பையன் அழுதபோது எங்கிருந்து சத்தம் வருகிறது என்று அறை அறையாகத் தேடிப் போனாள். நான் ஒரு வரி எழுதவில்லை. எழுத எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது. மற்ற டீச்சர்கள் இத்தனை மாதம் அவள் காதில் விழாமல் போன வார்த்தைகளைத் திரும்பக் கொடுக்க, அவளுக்கு ஒவ்வொரு பொருளின் பெயரையும் சொல்லிக்கொண்டே நடந்தார்கள். நான் பக்கத்து அறையில் பழம் நறுக்கினேன்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை நூரோவா பெரிய டப்பாவோடு வந்தாள். பீட்ரூட் போட்டு இளஞ்சிவப்பாகப் பிசைந்த உருளைக்கிழங்கு சாலட். அவர்கள் வீட்டு விசேஷத்துக்குச் செய்வது.

"உங்களுக்குத்தான் ஆன்ட்டி. ஆஸ்பத்திரியில டாக்டர் எப்பலேர்ந்து இப்படின்னு கேட்டார். எனக்கு முழி பிதுங்கிடுச்சு. ஆப்பைத் திறந்து உங்க கதையெல்லாம் காட்டுனேன். ஒண்ணு ஒண்ணா படிச்சாரு. 'யாரும்மா இவங்க, இவ்ளோ கவனமா பாத்திருக்காங்களே'ன்னாரு."

டப்பாவை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அதைத்தான் செய்ய நினைத்தேன். டப்பா இன்னும் சில்லென்று இருந்தது. காலையில் ஷிப்டுக்குப் போகுமுன் எழுந்து செய்து குளிர்பெட்டியில் வைத்திருக்கிறாள்.

"நூரோவா, இத நான் வாங்கக் கூடாது" என்றேன். "மார்ச்ல நீ வந்து கேட்ட. நான் கேக்கவே இல்ல. சிரிச்சேன். மே மாசம் வேன் வந்தப்ப கவலை இல்லைன்னு டிக் போட்டதும் நான்தான். அன்னிக்கே பாத்திருந்தா ஆறு மாசம் முன்னாடியே அவளுக்குக் கேட்டிருக்கும். டாக்டர் படிச்சாரே, அத்தனையும் காது கேக்காத பிள்ளையோட கதை. நான் அத வேற என்னமோன்னு எழுதி வச்சேன். தப்பு முழுசும் என்னோடது."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் தன் பாதுகாப்பு பூட்ஸின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அவள அடிச்சேன் ஆன்ட்டி" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"நீங்க நல்லாக் கேக்குதுன்னு சொன்னீங்க. அவளா தோணுனா வருவான்னு சொன்னீங்க. அப்ப கூப்பிட்டா வராதது திமிருன்னுதான நான் நினைப்பேன்? பன்னெண்டு மணி நேரம் மில்லுல நின்னுட்டு வந்து சாப்பிடக் கூப்பிடுறேன், முதுகைக் காட்டிட்டு உக்காந்திருக்கா. காதுல விழுந்தும் வரமாட்டேங்குறான்னு அவ கையில ஒண்ணு போட்டேன். ஒரு தடவை இல்ல. ஜூன், ஜூலைன்னு குளிர்காலம் பூரா. எதுக்கு அடிச்சேன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்காது, இல்ல? பின்னாடிலேர்ந்து திடீர்னு ஒரு அடி. அவ்ளோதான் தெரிஞ்சிருக்கும்."

கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தேன்.

"இந்த நாட்டுல பிள்ளைய அடிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, எனக்கும் தெரியும். எழுதணும்னா இதையும் எழுதிக்கோங்க."

கை நீட்டினேன். அவள் நகர்ந்துகொண்டாள். கோபத்தில் இல்லை, தொட்டால் உடைந்துவிடுவோம் என்றுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு முற்றத்தின் பக்கம் திரும்பினாள். மணல்குழியின் அந்தக் கோடியில் துவாய்னே முதுகைக் காட்டி உட்கார்ந்து, வாளியால் எதையோ கட்டிக்கொண்டிருந்தாள்.

"துவாய்னே" என்று நூரோவா கூப்பிட்டாள். சத்தமாகக்கூட இல்லை.

வாளி ஒரு பக்கம், மண்வெட்டி ஒரு பக்கம் பறந்தது. கட்டியதை மிதித்துக்கொண்டு அந்தப் பிள்ளை விழுந்தடித்து ஓடி வந்தாள். "வந்தேம்மா! வந்துட்டேன்!" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். வந்தவள், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, அம்மாவின் கை எட்டாத தூரத்தில் நின்றாள்.