எட்டுப் பேருக்கு ஒரு திதி

சந்திரக் கணக்கில் ஆறாம் மாதம் பத்தொன்பதாம் நாள் வந்தால் வாம் தோங் ஊரில் எட்டு வீட்டில் திதி. அந்தப் பக்கத்தில் திதி என்றால் ஊதுவத்தியைக் கொளுத்திவிட்டு எழுந்து போகிற காரியமில்லை. அக்கம்பக்கத்தாரை அழைத்துப் பாயில் உட்கார வைத்து வயிறு முட்டப் போட வேண்டும்; செத்தவனின் குறும்புகளைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வேண்டும். ஆள் வராத திதி, நாதியற்றவனின் திதி. எட்டு வீட்டிலும் ஒரே நாளில் பாய் விரித்தால் எவன் எந்த வீட்டுக்கு வருவான்? அதனால்தான் இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பே சுயென் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: எட்டுப் படையலும் கூத்துத் தெய்வத்தின் கோயிலில், ஒரே வரிசையில். சுயென், சோற்றுக்கு ஊற்றுகிற உப்பு மீன்சாறு மொத்த வியாபாரம் செய்கிறவள். அவள் குரலுக்குப் படகுகளே ஒதுங்கும்.

செத்த எட்டுப் பேரும் பாட்டு நாடகக் குழுக்காரர்கள். சைகோனில் இசைத்தட்டு வெளிவந்த அளவுக்குப் பேர் வாங்கியவர்கள். சுயெனின் தங்கை பிச் ஹாதான் கதாநாயகி. அவள் அழுகிற காட்சியில் கடைத்தெருவே மூக்கைச் சிந்தும். அடுத்த ஊர் ஆட்டத்துக்குப் போகிற வழியில், நல்ல வெயிலில், நட்டாற்றில் படகு வெடித்துச் சிதறியது. போர்க்காலம்; எந்தப் பக்கத்தார் வைத்த குண்டு என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை. கேட்டவன் ஒன்பதாவது ஆளாகியிருப்பான்.

எட்டாவது ஆள் வியென், அதே ஊர்த் தையல்காரி தோவாவின் புருஷன். கிம் என்கிற, வட்ட வயிறும் இரண்டு தந்தியும் உள்ள வாத்தியத்தை வாசிக்கிறவன். பாடுகிறவர்களுக்கு வெளிச்சம், வாசிக்கிறவனுக்கு மேடை மூலையும் கொசுக்கடியும். மற்ற ஏழு உடலும் இரண்டு நாளில் கரை ஒதுங்கின. வியென் மட்டும் கிடைக்கவில்லை. இருபத்தாறு வயதுத் தோவா ஒரு சிறு படகை வாடகைக்கு எடுத்து, கரையோரக் கோரையெல்லாம் விலக்கி விலக்கித் தேடிக்கொண்டிருந்தாள்.

மூன்று நாள் கழித்து, இருபத்திரண்டாம் நாள் காலையில் சுயென் வந்தாள். "வெயில்ல ஏழு பொணமும் தாங்காதுடி. இன்னிக்கு எடுத்தே ஆகணும். உன் ஆளையும் இவங்களோடவே சேத்து அனுப்பிடு. தனியா விட்டேன்னு வையி, தனி நாள்ல திதி வரும், ஒரு நாய் எட்டிப் பாக்காது. எட்டும் ஒண்ணாப் போகட்டும்" என்றாள். பெட்டி சுமக்கப் படகு போதவில்லை என்று, தோவா தேடுவதற்கு எடுத்திருந்த படகையும் சேர்த்துக் கேட்டாள். தோவா கொடுத்துவிட்டாள். வியெனின் பெட்டிக்குள் உடலுக்குப் பதிலாக வாழைத்தண்டும் ஒரு வெள்ளைச் சட்டையும் வைத்தார்கள். காலை ஒன்பது மணிக்கு மேளத்தோடு எட்டுப் பெட்டியும் ஆற்றில் இறங்கின. முதல் படகில், தலையில் வெள்ளைத் துணியோடு, காலிப் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு தோவா உட்கார்ந்திருந்தாள்.

அதன் பிறகு அவள் தையல் மெஷினோடு வாழ்ந்துவிட்டாள். இந்த வருஷம் கலாசார நிலையத்தார் கோயில் வாசலில் கருங்கல் பலகை வைக்கப் போகிறார்கள். ஒரே நாளில் மறைந்த எட்டுக் கலைஞர்கள் என்று மேலே, கீழே எட்டுப் பெயர். பிச் ஹா பெயர் உள்ளங்கை அகலம். வியென் பெயர் கடைசியில், கட்டைவிரல் அளவு. இருந்தால் என்ன, இருந்தது. தோவா இரண்டு தடவை போய்த் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள்.

பத்தொன்பதுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, கல் வைக்கிற செய்தியும் குழுவின் பழைய போட்டோவும் வந்த செய்தித்தாளை மடித்துப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் தையல்கடை வாசலில் வந்து நின்றாள். தோவாவைவிட நாலைந்து வயது மூத்தவள். தோட்டக்காரி என்பதைக் கால் வெடிப்பே சொல்லிற்று.

"சட்டை தைக்கணுமாக்கா?"

"இல்ல தங்கச்சி. நான் லாய். கீழாத்துல பம்பளிமாசு தோட்டம். இந்தப் போட்டோவுல கடைசியா நிக்கிறாரே, இவரு யாரு ஒனக்கு?"

"எங்க வீட்டுக்காரர்."

லாய் உட்காரவில்லை. "எடது காது நுனி கிழிஞ்சிருக்குமா? வலது சுட்டுவிரல்ல மட்டும் நகம் நீளமா?"

தோவாவின் கால் மெஷின் மிதியிலிருந்து இறங்கியது.

"அவரு எங்க வீட்லதாம்மா செத்தாரு. மெதந்து வந்த வாழைமரத்துல மாட்டிக்கிட்டு ஒதுங்குனாரு. தாடை போயிருந்துச்சு, பேச்சு வரல. மூணு நாள் கஞ்சி ஊத்தினேன். இருபத்திரண்டாந் தேதி உயிர் போச்சு. பேரு தெரியாது, ஊரு தெரியாது. அப்ப என் தம்பி பட்டாளத்துக்குப் போகாம ஓடி வந்து எங்க மச்சுல பதுங்கியிருந்தான். வெளியில சொல்ல முடியாத காலம். தோட்டத்துலயே பொதச்சோம். வருஷா வருஷம் இருபத்திரண்டுல என்னால ஆனதை வெக்கிறேன்."

"எங்க வீட்டுக்காரர் பத்தொம்பதாந் தேதி செத்தாரு. ஊருக்கே தெரியும். கல்லுலயே வெட்டியாச்சு" என்றாள் தோவா. குரல் அவளுக்கே சுயென் குரல் மாதிரிக் கேட்டது. "வேற யாரையோ பாத்துட்டு வந்து உளறாதீங்க. போங்க."

லாய் செய்தித்தாளை மெஷின்மேல் வைத்தாள். "கோவப்படு, ஞாயந்தான். இருபத்திரண்டுல வந்தேன்னா ஒரு கிண்ணம் எடுத்து வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்குத் தோவா தைத்த சட்டைக்கு இரண்டு கையும் இடது கையாக அமைந்தது. லாய் சொன்னது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும். காது நுனி செய்தித்தாள் படத்தில் தெரிகிற சங்கதியா? அவள் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்: இருபத்திரண்டாம் தேதி, எத்தனை மணிக்கு? விடியற்காலையில் போயிருந்தால், அவள் செத்தவனுக்குத்தான் பெட்டி மூடினாள், வாழைத்தண்டானாலும் பாவமில்லை. ஒன்பது மணிக்கு மேல் என்றால், உயிரோடு கிடந்தவனைத் தேடாமல், தேடின படகில் அவனுடைய காலிப் பெட்டியை ஏற்றிக்கொண்டு மேளம் கொட்டிப் போயிருக்கிறாள். இந்த ஒரு கேள்வி அவள் நெஞ்சில் முள்ளாக நின்றுகொண்டது.

அடுத்த நாள் சுயென் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். சுயென் வெற்றிலையைத் துப்பினாள்.

"எவளோ தோட்டக்காரி வந்து சொன்னாளாம், இவ நம்பினாளாம்! இந்தா பாரு, நெசமாவே இருக்கட்டும். மூணு நாள். யாருக்குடி நஷ்டம்? வாய மூடிக்கிட்டு வரிசையில உக்காரு."

"அந்த மூணு நாளும் அவருக்குக் கஞ்சி எறங்கியிருக்கு சுயென் அக்கா. உயிரோட இருந்தவருக்கு நான் இருபத்தஞ்சு வருஷமாப் படைச்சிருக்கேன். செத்த அன்னிக்கு ஒரு வாய் சோறு வெக்கல."

"அதான் அவ வெச்சாளே! பசியோடயா கெடந்தான்?" என்றாள் சுயென். சொன்ன பிறகு அவளுக்கே என்னவோ போலிருந்திருக்க வேண்டும். இளநீரில் வேகவைத்த பன்றிக்கறியை ஒரு கிண்ணத்தில் போட்டுக் கையில் திணித்து அனுப்பினாள்.

கலாசார நிலையத்துக் குவோய் சின்ன வயதுக்காரன், நல்ல மாதிரி. ஆனால் அவனுக்குக் கல் முக்கியம். "அத்தை, மாவட்டத்துலேருந்து பெரியவங்க வர்றாங்க. பேப்பர்ல எட்டுன்னு வந்தாச்சு. மேடையில எட்டு மாலை. இப்பப் போயி ஏழரைன்னா எப்படி அத்தை?" என்று கெஞ்சினான். தோவாவுக்கு அவன்மேல் கோபம்கூட வரவில்லை. தன்மேல் வருகிற கோபத்துக்கே அவளுக்கு இடம் போதவில்லை.

பத்தொன்பதாம் நாள் கோயிலில் எட்டுப் படையல் வரிசையாக வைத்தார்கள். புளி விட்ட மீன் சாறு, கறியும் முட்டையும், வாழையிலையில் கட்டிய மாவுப் பண்டம், அரிசிச் சாராயம். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் ஆளின் பெயரைச் சொல்லி, வந்து சாப்பிடு என்று அழைக்க வேண்டும். பிச் ஹாவை அழைத்தார்கள். வில்லன் வேஷக்காரரை அழைத்தார்கள். மேளக்காரர், கோமாளி, எல்லோரும் ஆயிற்று. கடைசியில் தோவாவின் முறை.

ஊதுவத்தி கையில் எரிந்தது. இதே நாளில், வெடித்த கொஞ்ச நேரத்தில், தாடை போன ஒருத்தன் வாழைமரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மிதந்தான். உயிரோடு இருக்கிறவனைச் செத்தவர்களோடு வந்து உட்கார் என்று எந்த வாயால் அழைப்பது? இருபத்தைந்து தடவை அழைத்தாயிற்று. முதல் தடவை, காலிப் பெட்டியை மூடி அழைத்த அன்றைக்குத்தானே அவன் போனான் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்குள் சாம்பல் கறிமேல் விழுந்தது.

அவள் ஊதுவத்தியை அணைத்தாள். தன் படையல் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையைவிட்டு எழுந்தாள்.

"ஏய், உக்காருடி!" சுயென் பல்லைக் கடித்தாள். "ஆளுங்க பாக்கிறாங்க. எட்டுன்னா எட்டு!"

"ஏழு" என்றாள் தோவா. "இன்னிக்கு ஏழு பேர்தான் செத்தாங்க. குவோய், அந்தக் கடைசிப் பேரை எடுத்துடுப்பா."

"கல்லுல வெட்டினத எப்படி அத்தை எடுக்கிறது?"

"சிமெண்டு வெச்சு அடை."

மாவட்டத்துப் பெரியவர்கள் செருமினார்கள். பிச் ஹாவின் தங்கை மகள் ஒருத்தி, கடைசியில் பேர் வந்த பொறாமை என்று முணுமுணுத்தது எல்லார் காதிலும் விழுந்தது. ஆசையோடு கல்லைத் தடவித் தடவிப் பார்த்த கைதான் அவளுடையது.  கொத்தனார் வந்து பூசி முடிக்கும்வரை தோவா தட்டோடு வெயிலில் நின்றாள். அதன் பிறகு அவளை யாரும் அழைத்துச் சாப்பிடச் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

இருபத்திரண்டாம் நாள் காலையில் படகு பிடித்துக் கீழாற்றுக்குப் போனாள். லாயின் வீடு ஆற்றைப் பார்த்தபடி, தண்ணீரிலிருந்து இருபதடி தள்ளி இருந்தது. தோட்டத்து மண்மேட்டைச் சுற்றிச் செங்கல் பதித்து, புல் வளராமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெயரில்லாத மேடு. தோவா மண்ணில் விழுந்து அழுதாள். அவசரப்படுத்தாமல் லாய் நிழலில் காத்திருந்தாள்.

திதி வெறும் கஞ்சிதான். "அவருக்கு அதான் எறங்குச்சு. கறி வெச்சா யாரு கடிக்கிறது?" என்றாள் லாய். அக்கம்பக்கத்திலிருந்து ஏழெட்டுப் பேர் வந்து, யாரென்றே தெரியாத மனிதனுக்காகக் குடித்துவிட்டுப் போனார்கள். நாதியற்ற திதி என்று சுயென் பயமுறுத்தினது இதைத்தான்.

எல்லோரும் போனபின் தோவா கேட்க வாய் திறந்தாள். அதற்குள் லாயே ஆரம்பித்துவிட்டாள்.

"ஒண்ணு சொல்லணும் தங்கச்சி. அன்னிக்குக் கடையில வெச்சுச் சொல்ல நெஞ்சு வரல. இருபத்திரண்டு காலையில அவரு கொஞ்சம் தேறின மாதிரிதான் இருந்தாரு. நாலு கரண்டி கஞ்சி குடிச்சாரு. பத்து மணி இருக்கும், ஆத்துல சாவு மேளம் வந்துச்சு. வரிசையாப் படகு. யாரோ கிம் வாசிச்சுக்கிட்டே வந்தாங்க. இவரு தலையத் தூக்கிட்டாரு. பாயில வெரலத் தட்டினாரு, வாசிக்கிறவனோட கூடவே. அப்புறம் முதல் படகு நேரா வந்துச்சு பாரு, அதப் பாத்துட்டு எந்திரிக்கப் பாத்தாரு. கத்தினாரு. வார்த்தையில்ல, வெறும் சத்தம். கரையில பட்டாளத்தானுங்க ரோந்து போய்க்கிட்டிருந்தானுங்க. மச்சுல என் தம்பி. நான்..." லாய் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். "நான் வாயப் பொத்திட்டேன். படகெல்லாம் போற வரைக்கும். கைய எடுத்தப்போ அவரு கண்ணு ஆத்து மேலயே நின்னுச்சு. உயிர் இருந்துச்சு. ஆனா அப்புறம் கரண்டிய ஒதுக்கிட்டாரு. சாயங்காலம் போயிட்டாரு."

தோவாவுக்குக் கேட்க ஒன்றும் மிச்சமில்லை. பத்து மணி. இருபதடி தூரம். கிம் சத்தத்தில் அவள் தலை குனிந்து அழுதுகொண்டு போயிருக்கிறாள். ஒரு தடவை நிமிர்ந்து கரையைப் பார்த்திருந்தால் போதும்.

"இருபத்தஞ்சு வருஷமா இதேதான் கேட்டுக்கிறேன்" என்றாள் லாய். "அந்த முதல் படகுல வெள்ளத்துணியோட ஒரு பொண்ணு இருந்துச்சு. முகம் தெரியல. யாரைப் பாத்து அப்படிக் கத்தினாரு? அது நீயா தங்கச்சி?"

ஆற்றில் ஒரு சரக்குப் படகு போய்க்கொண்டிருந்தது. லாயின் வெடித்த கை மடியில் மல்லாந்து கிடந்தது. அந்தக் கைதான் மூன்று நாள் கஞ்சி ஊட்டியது. அதைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது தோவாவுக்கு, பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

"இல்லக்கா" என்றாள். "நான் காய்ச்சல்ல வீட்லயே கெடந்தேன். அது பிச் ஹாவோட அக்கா சுயென். அவருக்கு அவங்களோட அவ்வளவாப் பழக்கமில்ல, சும்மா பாட்டக் கேட்டுத்தான் எந்திரிச்சிருப்பாரு."

 லாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா" என்று மூச்சு விட்டாள். சட்டியில் மிச்சமிருந்த கஞ்சியை ஒரு கிண்ணத்தில் ஊற்றி நீட்டினாள். "குடி தங்கச்சி, ஆறிடப் போவுது."

தோவா வாங்கினாள்.  லாய் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால், கடைசி மடக்கு வரைக்கும் குடித்து முடித்தாள்.