கரண்டியில் ஒட்டிய சாக்லேட்

ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை காலை பதினொன்றரைக்கே மிரென் முக்காலியை இழுத்துப் போட்டு அடுப்பு முன்னால் ஏறி நின்றுவிட்டாள். மூன்று மணிக்கு அவள் மம்மி வரவேண்டும். வந்ததும் கையில் கொடுக்கச் சாக்லேட் பொரி பன் தயாராக இருக்கவேண்டும். எட்டு வயசுக்கு அவ்வளவு பிடிவாதம்.

மூன்று மணிக்கு மேல் அரைமணி நேரம் பார்க்கலாம். அதற்குள் அவள் அம்மா டெர்வ்லா வராவிட்டால் குழந்தைகள் நலத்துறைப் பெண்ணுக்கு நான் போன் செய்து 'வரவில்லை' என்று சொல்லவேண்டும். இரண்டு முறை அப்படிச் சொல்லியாகிவிட்டது. மூன்றாவது முறையும் சொன்னால் தாயும் மகளும் சந்திப்பதையே நிறுத்திவிடுவார்கள். மிரென் எங்கள் வீட்டில் நலத்துறை ஒப்படைத்த வளர்ப்புப் பிள்ளையாகப் பதினான்கு மாதம் இருந்தாயிற்று. அவள் அம்மா வராமலே போனால் அவள் எங்களோடேயே இருந்துவிடுவாள். இந்த நினைப்பை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் புருஷன் மாலக்கியிடம்கூட.

கொதிக்கிற தண்ணீர்மேல் கிண்ணத்தை வைத்துச் சாக்லேட்டை உடைத்துப் போட்டோம். ஒரு கட்டி வெண்ணெய், இரண்டு கரண்டி சர்க்கரைப்பாகு. மிரென் மூக்கைச் சுருக்கிக்கொண்டு கிளறினாள். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் முழுக்க அவள் சாக்லேட்டைத் தொடவில்லை. மற்றப் பிள்ளைகள் சும்மா பேருக்கு விட்டிருப்பார்கள். இவள் கடவுளோடு பேரம் பேசி விட்டிருந்தாள். இவள் சாக்லேட்டை விட்டால் அவர் மம்மியை அனுப்பவேண்டும். நடுவில் வரும் பேட்ரிக் திருநாளுக்கு ஊருக்கே நோன்பிலிருந்து விலக்கு உண்டு. அன்றைக்கும் வேண்டாம் என்றுவிட்டாள்.

சுவர்க்கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

"தவக்காலம் முடிஞ்சுபோச்சுடி. கரண்டிய நக்கு."

"நெஜமாவா ஆன்ட்டி? நாளைக்கு இல்ல?"

"எங்க வீட்ல சனிக்கெழம பன்னெண்டு அடிச்சதும் மிட்டாய் டப்பாவத் தொறந்துடுவோம். ஆளாளுக்கு வரிசையில நிப்போம்."

கண்ணை மூடிக்கொண்டு நக்கினாள். மூக்கு நுனியெல்லாம் சாக்லேட்.

அப்போதுதான் என் பையில் போன் அதிர்ந்தது. டெர்வ்லா. 'பஸ்ஸ விட்டுட்டேன். அடுத்தது மூணே முக்காலுக்குத்தான் நாற்சந்திக்கு வரும். ப்ளீஸ், அவங்களுக்கு போன் பண்ணிடாதீங்க. மிரென்கிட்ட சொல்லிடுங்க.'

இரண்டு முறை படித்தேன். போனைப் பையில் போட்டுக்கொண்டேன். கிண்ணம் சுடுகிறது, இறக்கிவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். பொரியைக் கொட்டிப் பிரட்டிய பிறகு சொல்லலாம். காகிதக் கிண்ணங்களில் அள்ளி வைத்த பிறகு சொல்லலாம். ஒவ்வொன்றின் தலையிலும் மும்மூன்று சீனிமுட்டை மிட்டாயை அவள் அழுத்தி வைத்து முடித்தாள். நான் சொல்லவில்லை. சாக்குத் தேடினால் கிடைக்காதா என்ன?

ஆட்டுக்கொட்டிலிலிருந்து மாலக்கி தேநீர் குடிக்க வந்தார்.

"என்ன மகாராணி, தவக்காலத்துல மூக்கெல்லாம் சாக்லேட்டு?"

"பன்னெண்டோட முடிஞ்சுடுச்சாம்," என்றாள் மிரென்.

"யாரு சொன்னா? ஆன்ட்டி ஊர்க்காரங்க அவசரக்குடுக்கைங்க. ராத்திரிப் பூசை முடியாம தவக்காலம் எங்க முடியுது?"

சிரித்துக்கொண்டே சொன்னார். தேநீரைக் குடித்துவிட்டு, ஈனப்போகும் ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார். மிரென் குழாயடிக்குப் போனாள். வாயைக் கொப்பளித்தாள். விரலை விட்டு நாக்கைத் தேய்த்தாள். மறுபடி கொப்பளித்தாள்.

"விடுடி, அவருக்கு வேற வேல இல்ல," என்றேன். அவள் இன்னொரு முறை கொப்பளித்தாள்.

மூன்று மணி. பன்னிரண்டு பன்னையும் தகர டப்பாவில் அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மூன்று பத்து. தபால் வண்டி ஒன்று போனது. அவள் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தாள். மூன்று இருபது. நான் கழுவிய கிண்ணத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். இன்னும் பத்து நிமிஷம் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், எல்லாம் தானாக நடந்துவிடும். அந்தச் செய்தி எனக்கு வரவே இல்லை என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? டெர்வ்லா பேச்சை யாரும் நம்புவதில்லை. இப்படித்தான் நினைத்தேன். எழுதும்போதே கூசுகிறது.

மூன்று இருபத்தெட்டுக்குப் போனை எடுத்தேன்.

"பண்ணாதீங்க ஆன்ட்டி." ஜன்னலை விட்டு இறங்கி வந்தாள். "மம்மி மேல தப்பில்ல. நான்தான் நக்கிட்டேன். நாளைக்கு வரைக்கும்னு கடவுள்கிட்ட சொல்லிட்டு நடுவுலயே நக்கிட்டேன். அதான் அவர் அனுப்பல. அவங்ககிட்ட என் பேரச் சொல்லுங்க. மம்மி பேரச் சொல்லாதீங்க."

அவள் அழுதிருந்தாலாவது பரவாயில்லை. எல்லாவற்றையும் தீர யோசித்துத் தானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டு வந்தவளைப்போல நின்றாள்.

"உன் மம்மி பஸ்ஸ விட்டுட்டா," என்றேன். "அடுத்த பஸ்ல வர்றா. பன்னெண்டு மணிக்கே எனக்குச் செய்தி அனுப்பிட்டா. உன்கிட்ட சொல்லச் சொன்னா. நான்தான் சொல்லல."

"ஏன்?"

"நீ போயிடக் கூடாதுன்னு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்க் காரில் ஏறினாள். முற்றத்தில் நின்றபடியே நலத்துறைப் பெண்ணுக்குப் போன் செய்தேன். "வந்துட்டாங்க. மூணரைன்னு எழுதிக்கோங்க," என்றேன். இத்தனை மாதத்தில் டெர்வ்லாவுக்காக நான் சொன்ன முதல் பொய் அது.

நாற்சந்திக்குப் போகிற வழியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றே முக்காலுக்குப் பஸ் வரவில்லை. மூன்று ஐம்பதுக்கும் வரவில்லை. அவள் டப்பாவைக் கட்டிக்கொண்டு முன்கண்ணாடி வழியாகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பஸ்ஸிலும் டெர்வ்லா இல்லையென்றால் என்ன செய்வேன்? வாழ்க்கையில் முதல்முறையாக அவள் வரவேண்டும் என்று வேண்டினேன்.

மூன்று ஐம்பத்தைந்துக்குப் பஸ் வந்தது. மெல்லிய கோட்டோடு ஒரே ஒருத்தி இறங்கினாள். மிரென் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

"என் கண்ணு! மம்மிக்கு லேட்டாயிடுச்சும்மா." டெர்வ்லா மழையிலேயே முட்டி போட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். "பயந்துட்டியா? லேட்டாகும்னு ஆன்ட்டி சொன்னாங்கல்ல?"

மிரென் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஈஸ்டர் விடுமுறை முடிந்ததுமே டெர்வ்லா புகார் கொடுப்பாள். இந்தப் பிள்ளையும் சரி, வேறெந்தப் பிள்ளையும் சரி, என் வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்காது. அதில் அநியாயமும் இல்லை.

"சொன்னாங்க மம்மி," என்றாள்.

டெர்வ்லா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இல்லன்னா இன்னிக்கு இவளப் பாத்திருக்கவே முடியாது. கடவுள் உங்களுக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டாரு." அந்தக் கை குளிரில் விறைத்துப்போயிருந்தது. என்னால் அதை இறுக்கிப் பிடிக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

காரில் ஏறியதும் மிரென் டப்பாவைத் திறந்தாள். மம்மிக்கு ஒன்று கொடுத்தாள். அவள் வாயில் போட்டுக்கொண்டு, "அடேயப்பா, நீயே பண்ணியா?" என்றாள். "ஆன்ட்டிக்குக் குடும்மா."

"ஆன்ட்டிக்கு வேணாம்," என்று மிரென் டப்பாவை மூடினாள்.

"ஆமா, எனக்கு வேணாம்," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.