லெவல் இறங்கிய கிணறு

மோட்டார் ஓடியது, கிணற்றில் தண்ணீரும் தெரிந்தது, குழாயில் மட்டும் ஒரு சொட்டு வரவில்லை. மழை பொய்த்த அந்த 1982-ஆம் வருஷத்தில், நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் ராசப்பனின் மஞ்சள் வயல் வாடிக்கொண்டிருந்தது. எருது பூட்டி இறைத்த காலத்தில் தண்ணீர் கீழே போனால் கயிற்றை நீட்டுவார்கள். அதே நினைப்பில் அவன் குழாயை நீட்டியிருந்தான்.

"லெவல் இறங்கிப் போச்சுங்க," என்றான் மோட்டார் மெக்கானிக் அம்மாசி.

"லாரிக்காரரு ஆயிலுக்கும் லெவலுங்கறாரு, கொத்தனாரும் லெவலுங்கறாரு. அப்படீன்னா என்னதானுங்க?" என்றாள் ராசப்பனின் மனைவி வசந்தாமணி.

"ஒண்ணு எந்த ஒசரத்துல நிக்குதோ அதுதானுங்க லெவல். உங்க தண்ணி மோட்டாருக்கு நாப்பதடி கீழ நிக்குது. இது இருவத்தஞ்சடிக்கு மேல உறிஞ்சாதுங்க. குழாய எத்தன நீட்டுனாலும் அவ்வளவுதான்."

"ஊத்து சொரக்குமுங்களா?" என்றான் ராசப்பன்.

"அர வயலுக்கே இழுபறிதானுங்க."

ராசப்பன் கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டான். வசந்தாமணி மஞ்சளைப் பார்க்காமல் கேட்டாள்: "இப்ப என்னங்க பண்றது?"

அம்மாசி வழி சொன்னான்: மோட்டாரைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் பாறைத் திட்டில் இறக்கி வைக்க வேண்டும். ஏறுகிற தண்ணீரைப் பாதி வயலுக்குப் பாய்ச்சி, மீதி மஞ்சளைக் காயவிட வேண்டும்.