ஸ்வெனின் மகன்

நான் எந்த ஸ்வெனுக்கும் மகன் இல்லை. வாணலியில் கொத்திறைச்சியைக் கிளறிக்கொண்டே அன்னெலி நினைத்தாள். நான் பெண். அப்பாவின் பெயர் பெர்ட்டில். ஆனாலும் ஐம்பத்தொரு வருடங்களாக ஸ்வென்சன், அதாவது ஸ்வெனின் மகன், என்ற பெயரோடுதான் வாழ்ந்து வருகிறேன். யார் அந்த ஸ்வென்? ஒரு காலத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் தகப்பன் பெயர்தான் பின்னால் வந்தது. பிறகு ஒரு நாள், ஏதோ ஒரு தேவாலயப் பதிவேட்டில், களைத்த குதிரையைப் போல இந்தப் பெயர் நடப்பதை நிறுத்தி, பரம்பரைப் பெயராக நின்றுவிட்டது. கற்பனையில்கூட ஸ்வெனின் முகம் அவளுக்கு ஒருபோதும் தெரிந்ததில்லை. முதுகு மட்டும் தெரியும். ஸ்மோலண்ட் மாகாணத்து வயல் ஒன்றில் குனிந்து, கல் ஒன்றைப் பெயர்த்துக்கொண்டிருப்பான்.

நவம்பர் வெளிச்சம் நாலு மணிக்கே வடிந்திருந்தது. எதிர்வரிசை வீடுகளின் சமையலறைகளிலும் விளக்கு எரிந்தது. வெள்ளிக்கிழமை. எல்லா வீட்டிலும் கொத்திறைச்சியைச் சோள ரொட்டியில் மடித்த டாக்கோதான், இதே சீரக வாசனைதான்.

கணவன் ஸ்டெல்லான் தோளில் பனித்துகளோடு உள்ளே வந்து, ஒரு பித்தளைத் தகட்டை மேசையில் வைத்தான். தெருமுனைத் தபால் பெட்டியில் இருந்த அவர்களுடைய பெயர்த்தகடு.

"அளவு எடுக்கக் கழட்டினேன்" என்றான். "புதுப் பேருக்கு எழுத்து கொறைச்சல். சின்னத் தகடே போதும்."

அவனும் பிறப்பிலேயே ஸ்வென்சன்தான். வேறு ஊர், வேறு குடும்பம். திருமணத்தன்று இருவருக்கும் பெயர் மாறவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது, யாரோ முன்பே எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டதைப் போல.

ஸ்டெல்லான் பள்ளியில் மரவேலை சொல்லித் தருகிறான். போன மாதம் ஆசிரியர் அறையில் யாரோ கேரவன் வாங்கப் போவதாகச் சொல்ல, புதிதாகச் சேர்ந்த இளைய ஆசிரியன், "ஐயோ, சரியான ஸ்வென்சன்" என்றானாம். அப்படித்தான் எல்லாரும் சொல்வார்கள். வரிசை வீடு, நாய், வெள்ளிக்கிழமை டாக்கோ, சனிக்கிழமை மிட்டாய் என்று வாழ்கிற எவரையும், அவர் பெயர் ஆண்டர்சனோ நில்சனோ எதுவானாலும், ஸ்வென்சன் என்றுதான் கேலியாகச் சொல்வார்கள். சொன்னவன் உடனே ஸ்டெல்லான் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்குங்க, உங்களச் சொல்லல, அந்த வார்த்தையச் சொன்னேன்" என்றிருக்கிறான். அறையிலேயே உரக்கச் சிரித்தது ஸ்டெல்லான்தான்.

அன்றிலிருந்து அவன் பெயர் தேடுகிறான். அரசு அலுவலகத்துக்கு அனுப்பிய முதல் இரண்டும் வேறு குடும்பங்களுக்குச் சொந்தம் என்று திரும்பி வந்துவிட்டன.

"எல்வ்திஸ்" என்றான் இப்போது, தூங்கும் குழந்தையைக் கூப்பிடுவதைப் போல. "ஆத்து மூடுபனி. நாட்டுல ஒருத்தருக்கும் இல்லாத பேரு."

பதினாறு வயது மகள் தில்டா தட்டில் சோளத்தை அள்ளிக்கொண்டிருந்தாள். "ஷாம்பூ பாட்டில்ல போட்டிருக்கற மாதிரி இருக்கு."

"இப்பப் புதுசாத் தெரியுது" என்றான் ஸ்டெல்லான். "நாளைக்கு நல்லா இருக்கும்."

"ஒண்ணு சொல்லட்டாப்பா? கோவிச்சுக்காத. ஸ்வென்சன்ங்கற பேர மாத்தி ஆறு, பனின்னு வச்சுக்கறாங்க பாரு, அதவிட ஸ்வென்சனான வேல ஒலகத்துலயே கெடையாது."

ஸ்டெல்லான் சிரித்தான். உரக்க. ஆசிரியர் அறையில் சிரித்த சிரிப்பு இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று அன்னெலிக்குத் தெரிந்தது. இதுவரை கதையாகக் கேட்டதை இப்போது காதால் கேட்டாள்.

தில்டா தட்டோடு தொலைக்காட்சிப் பக்கம் போனதும், அவன் கைபேசியை அவள் முன்னால் நகர்த்தினான்.

"பேர் மாத்தற விண்ணப்பத்த ரெண்டு பேருக்கும் சேர்த்துதான் எழுதியிருக்கேன். உன்னோட ஆறு இலக்க ரகசிய எண்ணப் போட்டா போதும்."

"நீ மட்டும் மாத்திக்கலாமே."

"ஒரே தபால் பெட்டில ரெண்டு வேற பேரா? என்னை வாடகைக்கு வச்ச மாதிரி இருக்கும்." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "அவன் மன்னிப்புக் கேட்டான், அன்னெலி. திட்டியிருந்தாக்கூட வீட்டுக்கு வந்து தூங்கியிருப்பேன்."

ஆறு எண்கள். அவனுக்காக அவள் அதைவிடப் பெரியவற்றைச் செய்திருக்கிறாள். அவனுடைய அம்மாவை மூன்று வருடம் பார்த்துக்கொண்டாள். விரல் கண்ணாடிக்கு மேலே நின்றது.

வேலை பார்க்கும் பல் மருத்துவமனை வரவேற்பில் அவள் "ஸ்வென்சன்" என்று கூப்பிடும்போது சில நாள் மூன்று பேர் எழுந்துவிடுவார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கையில் கோட்டோடு, பாதி எழுந்தபடி நிற்பார்கள். அவளுக்கும் உள்ளே ஏதோ எழுந்து நிற்கும். யாரென்று தெரியாத அந்த ஒரு கணம் அறை முழுவதும் ஒரே வீடாகிவிடும். எல்வ்திஸ் என்று கூப்பிட்டால் அவள் மட்டும்தான் எழ வேண்டும். ஆற்றின் மேல் நிற்கும் பனி பத்து மணிக்கெல்லாம் போய்விடும். பிறகு அங்கே யார் நின்றிருந்தார்கள் என்று எவருக்கும் தெரியாது.

வயலில் குனிந்திருந்த ஸ்வென் கல்லை மார்போடு அணைத்துத் தூக்கிவிட்டான். எங்கே வைப்பது என்று பார்ப்பவனைப் போல நின்றான்.

கைபேசியின் வெளிச்சம் தானாக மங்கி அணைந்தது. அன்னெலி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு தகட்டை எடுத்தாள். எழுத்துப் பள்ளங்களில் உருகியிருந்த பனி விரலை நனைத்தது.

"திருகாணி எங்க வச்ச?" என்று கேட்டாள்.

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். இரண்டு திருகாணிகளும் அவன் உடம்புச் சூட்டில் இருந்தன. தெருமுனையில், விளக்கடியில் வரிசையாக நின்ற ஆறு பெட்டிகளின் மேல் பனி விழுந்துகொண்டிருந்தது, பெயர் பார்க்காமல்.